கூண்டு டிரெய்லரை இழுக்க எந்த பிக்கப்? விளம்பர எண்ணுக்குப் பின்னால் இருக்கும் கணக்கு

ஃபோர்டு எஃப்-150 பிக்கப் ஒன்று, சுவரும் கூரையும் மூடிய, ஓர் அறை அளவு கூண்டு டிரெய்லரை மாட்டிக்கொண்டு மலையேறும் வீடியோவைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு, "நம்ம ஊர் வண்டி இதை இழுக்குமாண்ணே?" என்று கேட்பவர்கள் செட்டிநாட்டில் பெரும்பாலும் இரண்டு தொழில்காரர்கள். ஒருவர், கல்யாணச் சமையலுக்குச் சென்னை, பெங்களூர் என்று போகும் சமையல் மாஸ்டர். அண்டாவும் தேக்சாவும் கிரைண்டரும் ஒரே கூண்டுக்குள் பூட்டி வைத்தபடி எப்போதும் தயாராக நிற்க வேண்டும் என்பது அவர் ஆசை. இன்னொருவர், காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெரு பாணியில் பழம்பொருள் வாங்கி விற்பவர். கண்ணாடி பதித்த தேக்கு பீரோவைத் தார்ப்பாய் போட்ட லாரியில் அனுப்பிவிட்டு, போய்ச் சேர்ந்ததா என்று ராத்திரி முழுக்க விழித்திருக்கும் ஆள்.

இருவருக்கும் கேள்வி ஒன்றுதான், ஆனால் அது சற்றுக் கோணலான கேள்வி. வெறுமனே இழுக்க ஒரு டிராக்டர் போதும். 70 கிலோமீட்டர் வேகத்தில், எதிரே பேருந்து உரசிப் போகும்போது, கூண்டு நேராக வருமா? பிரேக்கை மிதித்தால் இரண்டும் சேர்ந்து நிற்குமா? பின் அச்சு தாங்குமா? பிக்கப்பைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள் இவை. இவற்றுக்கு விடை டிரெய்லரில் இருக்கிறது. ஆகவே முதலில் கூண்டை முடிவு செய்துவிட்டுத்தான் வண்டிக் கடைக்குப் போக வேண்டும். பெரும்பாலோர் செய்வது நேர்மாறு.

ஆறு எடைகள்

1. வெற்று எடை: ஆளும் சரக்கும் இல்லாத வண்டியின் எடை.

2. மொத்த எடை வரம்பு: வண்டி, டீசல், ஆட்கள், சரக்கு எல்லாம் சேர்ந்து தாண்டக் கூடாத எடை.

3. தாங்கும் லோடு: இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் மிஞ்சுவது. முன் இருக்கையில் உட்காரும் ஓட்டுநரும் இதில் அடக்கம். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

4. இழுவைத் திறன்: பின்னால் மாட்டிய டிரெய்லரும் அதற்குள் இருக்கும் சரக்கும் சேர்ந்து எவ்வளவு இருக்கலாம் என்று தயாரிப்பாளர் சொல்லும் எண். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருவது இது.

5. கூட்டு எடை வரம்பு: வண்டியும் டிரெய்லரும் இரண்டின் சரக்கும் சேர்ந்த மொத்தத்துக்கான வரம்பு.

6. கொக்கி எடை: டிரெய்லரின் மூக்கு, வண்டியின் பின் கொக்கியை எவ்வளவு எடையோடு கீழே அழுத்துகிறது என்பது.

குழப்பமெல்லாம் கடைசி எண்ணில்தான். டிரெய்லரின் எடை முழுவதும் அதன் சொந்தச் சக்கரங்களில்தான் நிற்கிறது என்று நினைப்பது தவறு. ஒரு பங்கு கொக்கி வழியாக வண்டியின் மேல் ஏறிவிடுகிறது. அந்தப் பங்கு, மூன்றாவது எண்ணான தாங்கும் லோடிலிருந்து கழியும்.

முன்பாரம், பின்பாரம்

மாட்டுவண்டி ஓட்டியவருக்கு இதை விளக்க வேண்டிய தேவையே இல்லை. சரக்கை அச்சுக்குப் பின்னால் குவித்தால் வண்டி பின்பாரமாகி, ஏர்க்கால் மேலே எழும்பி, மாட்டின் கழுத்துக் கயிறு இறுகும். முன்னால் குவித்தால் முன்பாரம். நுகம் அழுத்திக் கழுத்துப் புண்ணாகும். நுகத்தில் அளவான ஓர் அழுத்தம் இருக்கும்படி மூட்டைகளை அடுக்குவது ஒரு கைப்பக்குவம்.

டிரெய்லருக்கும் அதே விதி. கொக்கி எடை, சரக்கோடு சேர்ந்த டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் பின்பாரம். டிரெய்லர் பாம்புபோல இடமும் வலமும் ஆடத் தொடங்கும். வேகம் கூடக் கூட ஆட்டம் பெரிதாகி, ஒரு கட்டத்தில் வால் தலையை ஆட்டிவிடும். 15 சதவீதத்தைத் தாண்டினால் வண்டியின் பின்பக்கம் உட்கார்ந்து, முன் சக்கரம் லேசாகும்.

லேசாகும் என்றால் எவ்வளவு? டொயோட்டா ஹைலக்ஸின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 3,085 மில்லிமீட்டர். கொக்கி பின் அச்சிலிருந்து 1.2 மீட்டர் தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கொக்கியில் 270 கிலோ உட்கார்ந்தால் சீசா பலகைபோல வண்டி பின் அச்சை மையமாகக் கொண்டு சாயப் பார்க்கும். முன் அச்சிலிருந்து சுமார் 105 கிலோ கழன்றுவிடும். பின் அச்சுக்கு 270 அல்ல, 375 கிலோ கூடும். ஸ்டீயரிங் மிதப்பதும், இரவில் ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் அடிப்பதும் இதனால்தான்.

இதற்குப் பரிகாரமாக அமெரிக்காவில் எடையைப் பகிரும் கொக்கி ஒன்றைப் பயன்படுத்துகிறார்கள். கொக்கியின் இரு பக்கமும் நீண்ட ஸ்பிரிங் கம்பிகளை டிரெய்லரின் சட்டத்தோடு இறுக்கி மாட்டினால், பின் அச்சில் ஏறிய எடையில் ஒரு பகுதி முன் அச்சுக்கும் டிரெய்லர் அச்சுக்கும் திரும்பப் போகும். இழுவைத் திறனை இது கூட்டாது. அப்படிக் கூட்டும் என்று யாராவது விற்றால் வாங்க வேண்டாம்.

ஒரு சமையல் குழுவின் கணக்கு

16 அடி நீளம், 7 அடி அகலம், 7 அடி உயரம், இரண்டு அச்சு: கல்யாணச் சமையலுக்கு இது நடுத்தரக் கூண்டு. இரும்புச் சட்டத்தோடு வெறும் எடை 1,300 கிலோ என்று எடுத்துக்கொள்வோம். உள்ளே:

அண்டா, தேக்சா, இட்லிக் கொப்பரை, கரண்டிகள் 350 கிலோ. அடுப்புகள், பர்னர்கள் 200. பெரிய கிரைண்டர்கள் 150. மடக்கு மேசை, நாற்காலி 200. பரிமாறும் பாத்திரம், மளிகை, இலைக்கட்டு 250. ஆக சரக்கு 1,150. டிரெய்லரோடு 2,450 கிலோ.

இழுவைத் திறன் 3,500 கிலோ என்று எழுதியிருக்கும், இரண்டு வரிசை இருக்கை உள்ள ஒரு டபுள் கேப் பிக்கப்புக்கு இது ஒன்றுமே இல்லை என்று தோன்றும். ஆயிரம் கிலோவுக்கு மேல் மிச்சம் இருக்கிறதே! இப்போது தாங்கும் லோடைப் பார்க்கலாம்.

மொத்த எடை வரம்பு 2,900 கிலோ. டீசல் நிரப்பிய வண்டி 2,150 கிலோ என்று வைத்தால், தாங்கும் லோடு 750.

1. மாஸ்டர், ஓட்டுநர், மூன்று உதவியாளர்கள்: ஆளுக்கு 70 கிலோ வீதம் 350. மிச்சம் 400.

2. கொக்கியும் அதைத் தாங்கும் இரும்புச் சட்டமும் 40. மிச்சம் 360.

3. கொக்கி எடை, 11 சதவீதக் கணக்கில் 270. மிச்சம் 90.

4. பின் தொட்டியில் நான்கு வணிக சிலிண்டர்கள். ஒவ்வொன்றிலும் 19 கிலோ எரிவாயு, இரும்போடு சேர்த்தால் ஏறக்குறைய இரட்டிப்பு. நான்குக்கும் 148 என்று வைத்தால், வரம்பு 58 கிலோவால் உடைந்துவிட்டது.

இழுவைத் திறனில் 30 சதவீதம் இன்னும் மிச்சம், வண்டியோ ஓவர்லோடு. கூண்டு டிரெய்லர் இழுப்பவர்கள் உலகம் முழுவதும் முதலில் மோதிக்கொள்ளும் சுவர் தாங்கும் லோடுதான். ஐந்து பேர் உட்காரும் டபுள் கேப்பில் இந்தச் சுவர் இன்னும் பக்கத்தில் இருக்கிறது.

அப்படியானால் சிலிண்டரைக் கூண்டுக்குள் வைத்துவிடலாமே என்று அடுத்த யோசனை வரும். கூடாது. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தேங்கி நிற்கும். பூட்டிய கூண்டில் அது வெளியேற வழியில்லை. கதவைத் திறந்து விளக்கைப் போட்டால் போதும். சிலிண்டர் நிமிர்ந்த நிலையில், கட்டிவைத்து, திறந்த தொட்டியில் வர வேண்டும். அல்லது மண்டபம் இருக்கும் ஊரிலேயே எடுத்துக்கொள்ள வேண்டும். கணக்கும் பாதுகாப்பும் ஒரே பதிலைச் சொல்லும் அபூர்வமான இடம் இது: உதவியாளர்களை ரயிலில் அனுப்புவதும் சிலிண்டரை அங்கேயே வாங்குவதும் பெரிய பிக்கப் வாங்குவதைவிட மலிவு.

அமெரிக்க எண் எப்படி வருகிறது

அமெரிக்காவில் 150, 250, 350 என்று வண்டிப் பெயருக்குப் பின்னால் வரும் எண்களை அரை டன், முக்கால் டன், ஒரு டன் என்று அழைக்கும் வழக்கம் உண்டு. அது பழைய காலத்துத் தாங்கும் அளவின் மிச்சம்; இன்றைய வண்டிகளுக்குப் பொருந்தாது. எஃப்-150 ஒன்றின் இழுவைத் திறன், தகுந்த என்ஜினும், இழுப்பதற்கென்று நிறுவனம் பொருத்தித் தரும் கூடுதல் பாகங்களும் இருந்தால், 13,500 பவுண்டு வரை போகிறது. நம் கணக்கில் 6,100 கிலோவுக்குச் சற்று மேல்.

முன்பு ஒவ்வொரு நிறுவனமும் தன் இஷ்டத்துக்கு ஓர் எண்ணைப் போட்டுக்கொண்டிருந்தது. அதை ஒழுங்குபடுத்த எஸ்ஏஇ என்ற பொறியாளர் அமைப்பு ஜே2807 என்ற தரநிலையை 2008இல் வெளியிட்டது. அரிசோனாவின் டேவிஸ் அணை ஏற்றத்தில், 11.4 மைல் தூரம், ஏசியைப் போட்டுக்கொண்டு, பின் அச்சில் இரண்டே சக்கரம் உள்ள வண்டி மணிக்கு 40 மைல் வேகத்துக்குக் குறையாமல் ஏற வேண்டும். பிரேக், ஸ்டீயரிங், ஆட்டம் எல்லாவற்றுக்கும் சோதனை உண்டு. நல்ல தரநிலைதான். ஆனால் அது வைத்திருக்கும் அனுமானத்தைப் பார்க்க வேண்டும்: ஓட்டுநரும் ஒரு பயணியும் மட்டும், ஆளுக்கு 150 பவுண்டு, அதாவது 68 கிலோ. கொக்கி எடை 10 சதவீதம். பின் இருக்கை காலி. நம் மாஸ்டரின் குழு அந்தச் சோதனையில் இல்லை.

அமெரிக்க வண்டிகளில் ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில், ஆட்களும் சரக்கும் சேர்ந்து இவ்வளவைத் தாண்டக் கூடாது என்று ஓர் எண் இருக்கும். விவரம் தெரிந்தவர்கள் விளம்பரத்தை விட்டுவிட்டு முதலில் கதவைத் திறந்து அதைத்தான் படிப்பார்கள்.

எஃப்-150, ராம் போன்ற அமெரிக்கப் பிக்கப்புகள் இங்கே நிறுவனங்களின் விற்பனையில் இல்லை. அமெரிக்கச் சந்தைக்கானவை இடப்பக்க ஸ்டீயரிங் வேறு. ஆகவே வீடியோவின் வண்டியை மறந்துவிட்டு, அதன் கணக்கை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

ஆடிக்காற்றும் தட்டையான முகமும்

இரும்புக் கம்பி ஏற்றிய திறந்த டிரெய்லரும் கூண்டு டிரெய்லரும் ஒரே எடை என்றாலும் ஒன்றல்ல. கூண்டுக்கு முகம் இருக்கிறது. 7 அடி அகலம், 7 அடி உயரம் என்றால் 49 சதுர அடி. ஜே2807 சோதனையில் 12,000 பவுண்டுக்கு மேற்பட்ட டிரெய்லருக்கே 60 சதுர அடி முகம்தான். எடை குறையக் குறைய, சோதனைக்கு எடுக்கும் முகமும் சிறிதாகும். கூண்டு டிரெய்லரோ எடை குறைவு, முகம் பெரிது. எடையை வைத்துப் பொருத்தம் பார்த்தவர் காற்றில் ஏமாறுகிறார்.

காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 60 கிலோமீட்டரிலிருந்து 80க்குப் போனால் தடை 1.78 மடங்கு, அதை வெல்ல என்ஜின் தர வேண்டிய திறன் 2.37 மடங்கு. மேட்டில் திணறாத வண்டி திருச்சி நான்கு வழிச் சாலையில் டீசலைக் குடிப்பதன் காரணம் இது. செட்டிநாடு சமதரை, ஆகவே சின்ன என்ஜின் போதும் என்ற வாதம் கூண்டுக்கு எடுபடாது.

பக்கவாட்டுக் காற்று இன்னும் வில்லங்கம். 16 அடிக்கு 7 அடி என்றால் பக்கச்சுவர் 112 சதுர அடி, ஒரு பாய்மரம். 40 கிலோமீட்டர் வேகக் காற்று குறுக்கே அடித்தால் அந்தச் சுவரில் ஏறக்குறைய 80 கிலோ தள்ளு விழும். ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்கிறோம். புதுக்கோட்டைப் பக்கத்துப் பொட்டலில் மரமில்லாத நீட்டலில், காலிக் கூண்டோடு திரும்பும்போதுதான் அதன் முழு அர்த்தம் தெரியும். ஏற்றிய கூண்டைவிடக் காலிக் கூண்டு காற்றுக்கு எளிதாக ஆடும்.

இங்கே பிக்கப்பில் பார்க்க வேண்டியவை: அச்சுகளுக்கு இடையே நீளம், சொந்த எடை, இறுகலான பின் ஸ்பிரிங். நீளமும் எடையும் உள்ள வண்டியை வால் எளிதில் ஆட்டாது. கண்ணாடியையும் விட்டுவிடக் கூடாது. ஹைலக்ஸின் அகலம் 1,855 மில்லிமீட்டர். 7 அடிக் கூண்டு 2,134. இரு பக்கமும் 14 சென்டிமீட்டர் வெளியே துருத்தும். நீட்டுக் கண்ணாடி மாட்டாவிட்டால் பின்னால் வரும் பைக் தெரியவே தெரியாது.

நிறுத்துவது யார்

நம் உதாரணத்தில் சிலிண்டரை விட்டுவிட்டால், ஆட்களோடும் கொக்கிச் சட்டத்தோடும் வண்டி 2,540 கிலோ, டிரெய்லரோடு 4,990. ஏறக்குறைய இரட்டிப்பு. டிரெய்லருக்குப் பிரேக் இல்லையென்றால் அத்தனையையும் பிக்கப்பின் நான்கு சக்கரமே நிறுத்த வேண்டும். பிரிட்டனில் பிரேக் இல்லாத டிரெய்லருக்கு 750 கிலோதான் உச்சம். இங்கே லேத் பட்டறையில் அடித்துத் தரும் டிரெய்லர்களில் பிரேக் என்பது பெரும்பாலும் பேச்சிலேயே வருவதில்லை.

பிரேக்கில் இந்த அளவு டிரெய்லருக்கு இரண்டு வகை.

1. உந்து பிரேக்: வண்டி வேகம் குறைக்கும்போது டிரெய்லர் முன்னால் முட்டும்; அந்த முட்டலே மூக்கில் உள்ள பிஸ்டனை அழுத்தி டிரெய்லர் பிரேக்கைப் போடும். வயரிங் தொல்லை இல்லை. ஆனால் நீண்ட இறக்கத்தில் டிரெய்லர் முட்டிக்கொண்டே இருப்பதால் பிரேக் விடாமல் தேய்ந்து சூடேறும். ரிவர்ஸ் எடுக்கும்போதும் தானாகப் பிடிக்கும். விடுவிக்கும் அமைப்பு இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

2. மின் பிரேக்: ஓட்டுநர் பக்கத்தில் ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி. டிரெய்லர் ஆடத் தொடங்கினால் வண்டிப் பிரேக்கைத் தொடாமல் டிரெய்லர் பிரேக்கை மட்டும் லேசாகப் போட்டு நேராக்கலாம். உயிர் காக்கும் வசதி. இந்தியச் சந்தை பிக்கப்புகளில் இதற்கான பெட்டி கம்பெனியிலிருந்து வருவதில்லை. தனியாகப் பொருத்த வேண்டும்.

எந்த வகையானாலும், கொக்கி கழன்றால் டிரெய்லர் பிரேக்கை இழுத்துவிடும் அறுபடு கம்பியும், குறுக்காக மாட்டிய இரண்டு சங்கிலிகளும் வேண்டும்.

பெங்களூர் போகும் பழம்பொருள் வியாபாரிக்கு இதெல்லாம் தொப்பூர் கணவாயில் சோதனைக்கு வரும். போகும்போது ஏற்றம், வரும்போது, தருமபுரியிலிருந்து சேலம் பக்கம், விபத்துக்குப் பேர்போன இறக்கம். உந்து பிரேக் உள்ள கூண்டோடு அந்த இறக்கத்தில் மேல் கியரில் இறங்குபவர் கீழே வரும்போது பிரேக் வாசனையோடு வருவார். இறங்கத் தொடங்குவதற்கு முன்பே கீழ் கியர். ஆட்டோமேட்டிக் ஆனாலும் கையால் கீழ் கியர்.

கடையில் நிற்கும் வண்டிகள்

இத்தனையும் தெரிந்த பிறகுதான் பிக்கப். இந்தியாவில் இந்த வேலைக்குப் பேசத் தகுந்தவை விரல்விட்டு எண்ணக்கூடியவை.

ஹைலக்ஸ் 2022இல் இங்கே அறிமுகமானது. 2.8 லிட்டர் டீசல், 204 பிஎஸ் (குதிரைத்திறன்). முறுக்குவிசை கை கியரில் 420, ஆட்டோமேட்டிக்கில் 500 நியூட்டன் மீட்டர். கூண்டு இழுக்க என்றால் ஆட்டோமேட்டிக் என் தேர்வு. கூடுதல் 80 நியூட்டன் மீட்டருக்காக மட்டும் அல்ல. ஐந்து டன் ஜோடியை மேட்டில் அங்குலம் அங்குலமாக ரிவர்ஸ் எடுக்கும்போது கை கியர் வண்டியின் கிளட்ச் எரியும் வாசனை, அதை ஒருமுறை முகர்ந்தவருக்கு மறக்காது.

இசுஸு டி-மேக்ஸ் வி-கிராஸ் 1.9 லிட்டர், 163 பிஎஸ், 360 நியூட்டன் மீட்டர். ஆந்திராவின் ஸ்ரீசிட்டியில் தயாராகிறது. இதே நிறுவனத்தின் எஸ்-கேப் பார்வைக்கு அண்ணன் தம்பிபோல இருக்கும், அதன் 2.5 லிட்டர் என்ஜினோ 78 பிஎஸ், 176 நியூட்டன் மீட்டர். பாதிக்கும் குறைவு. லிட்டர் பெரிதாக இருப்பதைப் பார்த்து ஏமாறக் கூடாது. பாத்திரத்தைத் தொட்டியில் ஏற்றிக்கொண்டு போக எஸ்-கேப் நல்ல வண்டி, கூண்டுக்கு வேண்டாம்.

மகிந்திரா பொலேரோ பிக்கப், டாடா யோதா ரகங்கள் வேறு சாதி. ஒன்றே முக்கால் டன், இரண்டு டன் என்று முதுகில் சுமக்கப் பிறந்தவை. பின் ஸ்பிரிங் கல்லுப்போல இருக்கும். ஆனால் என்ஜின் 200 முதல் 250 நியூட்டன் மீட்டர்தான். சுமக்கும் மாட்டை இழுக்கப் பூட்டுவதில் லாபமில்லை. 2,450 கிலோ கூண்டை அவை கிளப்பும், நெடுஞ்சாலையில் காற்றை வெல்லாது.

இங்கே ஒரு கண்ணி. ஆஸ்திரேலியாவில் 2.8 லிட்டர் 4x4 ஹைலக்ஸுக்கும், பிரிட்டனில் 1.9 லிட்டர் டி-மேக்ஸுக்கும் 3,500 கிலோ இழுவைத் திறன் கொடுத்திருக்கிறார்கள். அந்த எண்ணை இங்கத்திய விற்பனையாளர் வாய்மொழியாகச் சொல்லக்கூடும். அந்நாட்டுச் சான்று அந்நாட்டில் விற்கும் வண்டிக்கு, அங்கே பொருத்தும் கொக்கிக்கு. நீங்கள் வாங்கும் வண்டியின் கைப்புத்தகத்தில் இழுவை எண் அச்சில் இல்லையென்றால், எழுத்தில் கேட்க வேண்டும். எழுத்தில் தர மறுத்தால், எண் இல்லை என்றே கொள்ள வேண்டும்.

நான்கு சக்கர இழுவை தேவையா? கோவில் பொட்டலில், கண்மாய்க் கரையில் பந்தல் போட்ட இடத்துக்குப் போகிறவருக்கு உதவும். காய்ந்த தார்ச்சாலையில் அதைப் போட்டுத் திரும்பக் கூடாது; அச்சு முறுக்கிக்கொள்ளும். மண்டபம் விட்டு மண்டபம் போகிறவருக்கு அந்தப் பணம் டிரெய்லர் பிரேக்குக்குப் போகட்டும்.

கூண்டு டிரெய்லர் யாருக்கு வேண்டாம்

ஆத்தங்குடி தரைக் கல் ஏற்றுகிறவருக்கு வேண்டவே வேண்டாம். 10 அங்குலக் கல், 2 சென்டிமீட்டர் கனம் என்றால் ஒன்று ஏறக்குறைய 2.8 கிலோ. 100 சதுர அடிக்கு 144 கல், 400 கிலோ. 600 சதுர அடிக் கூடத்துக்கு 2.4 டன். கூண்டின் தரையில் முழங்கால் உயரம்கூட எழாது, எடையோ எல்லையைத் தாண்டிவிடும். காற்றை இழுக்கும் கூண்டுக்குக் காசு கொடுத்துக் கல்லை ஏற்றுவது வீண்.

மஞ்சுவிரட்டுக் காளை வளர்ப்பவர்களும் கூண்டைப் பற்றி விசாரிக்கிறார்கள். காளை நடமாடும் சரக்கு. அது ஓரடி பின்னால் நகர்ந்தால் முன்பாரம் பின்பாரமாகும். நடுவில் தடுப்புக் கட்டாமல் ஏற்றக் கூடாது.

சமையல் குழுவுக்கேகூட, வாரம் தவறாமல் ஓட்டமென்றால், மூடிய பாடி கட்டிய சிறிய லாரி பல வகையில் மேல். ஒரே பதிவு, ஒரே காப்பீடு, ஆடும் வால் இல்லை, காரைக்குடி கல்லுக்கட்டி போன்ற நெரிசலில் ரிவர்ஸ் எடுக்கலாம். உரிமம் பற்றிய பயமும் இப்போது குறைந்திருக்கிறது: 7,500 கிலோ மொத்த எடைக்கு உட்பட்ட போக்குவரத்து வாகனத்தை இலகுரக வாகன உரிமம் உள்ளவர் ஓட்டலாம், உரிமத்தில் தனி அனுமதிக் குறிப்பு தேவையில்லை என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பர் 6 அன்று தீர்ப்பளித்துவிட்டது.

டிரெய்லர் ஜெயிக்கும் இடம் ஒன்று உண்டு. கூண்டை மண்டபத்தில் இரண்டு நாள் நிறுத்திவிட்டு, பிக்கப்பை மட்டும் கழற்றிக்கொண்டு காய்கறிக்கும் பாலுக்கும் ஓடலாம். தெருவிலிருந்து தெருவரை நீளும் செட்டிநாட்டு வீடுகளில் பின்கட்டுத் தெருவில் கூண்டை நிறுத்தி, நேராக அடுப்படிக்கு இறக்கலாம். இந்த வசதி வேண்டுமென்பவர் வாங்கலாம்.

காகிதம்

மோட்டார் வாகனச் சட்டம், 1988, 'மோட்டார் வாகனம்' என்ற சொல்லுக்குள் டிரெய்லரையும் சேர்த்திருக்கிறது. அதற்குத் தனிப் பதிவு வேண்டும். டிரெய்லரின் சொந்த எண் அதன் பக்கவாட்டில். இழுக்கும் வண்டியின் எண் டிரெய்லரின் பின்புறத்தில் தெரியும்படி. பட்டறையில் அடித்த, பதிவில்லாத கூண்டு விபத்தில் சிக்கினால் காப்பீட்டு நிறுவனம் கையை விரிக்க அதுவே போதும். ஆகவே முன்பணம் கொடுக்கும் முன் டிரெய்லர் தயாரிப்பாளரிடம் வகைச் சான்றை, அதாவது அந்த மாதிரி டிரெய்லருக்கு ஒப்புதல் உண்டு என்ற காகிதத்தை, கேட்டு வாங்கி, அதன் நகலோடு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவு கிடைக்குமா என்று விசாரித்துவிட வேண்டும். வண்டியை வாங்கி நிறுத்திவிட்டுக் கேட்பவர்கள்தான் அதிகம்.

எடைமேடையில் மூன்று சீட்டு

கடைசியாக, கணக்கைச் சோதிக்கும் வழி. நெல்லுக்கும் விறகுக்கும் எடை போடும் எடைமேடையே போதும். முதல் பயணத்துக்கு முன், அங்கேயே வாங்கப்போகும் சிலிண்டர் தவிர எல்லாம் ஏற்றி, ஆட்களும் உட்கார்ந்த நிலையில் மூன்று முறை.

1. பிக்கப் மட்டும். சீட்டு: 2,540.

2. டிரெய்லரை மாட்டி, பிக்கப்பின் நான்கு சக்கரம் மட்டும் மேடையில். டிரெய்லர் சக்கரங்கள் மேடைக்கு வெளியே. சீட்டு: 2,810.

3. இரண்டும் சேர்ந்து மேடையில். சீட்டு: 4,990.

இரண்டாவது சீட்டிலிருந்து முதல் சீட்டைக் கழித்தால் கொக்கி எடை 270. மூன்றாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் டிரெய்லர் 2,450. 270 என்பது அதில் 11 சதவீதம், சரி. இரண்டாவது சீட்டின் 2,810, வரம்பான 2,900க்குள் 90 கிலோ மிச்சத்தோடு நிற்கிறது; அதுவும் சரி. கொக்கி எடை 180 என்று வந்திருந்தால் 7 சதவீதம், பின்பாரம்: கதவைத் திறந்து, பின்னால் கட்டிய கிரைண்டர்களை அவிழ்த்து, அச்சுக்கு முன்னால் நகர்த்திக் கட்டி, மறுபடி மேடையேற்ற வேண்டும். மேடைக்காரர் ஒவ்வொரு சீட்டுக்கும் தனியாகக் காசு கேட்பார்.